கள்ளுக்கடை மூடிய மாவட்டம் கற்றுத்தந்த கணக்கு
(சேலத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வரவு செலவுத் திட்டம் என்றதும், "அது கோட்டையிலே இருப்போர் போடும் கணக்கு, நமக்கென்ன?" என்று நம்மிலே பலர் ஒதுங்குகிறோம். ஒதுங்கலாமா, இந்தச் சேலத்து மண்ணிலே நின்றுகொண்டு? மாநிலங்களின் வருவாய்க் கணக்கையே மாற்றி எழுதவைத்த மாவட்டமல்லவா இது!

1937, அக்டோபர் முதல் நாள். நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்திலே கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. மூடியவர் இராஜாஜி. அவர் அரசியல் வேறு, நம் அரசியல் வேறு. என்றாலும் கணக்கைக் கணக்காகவே பார்ப்போம். கலால் தீர்வை, மாகாணத்தின் பெருவருவாய்களுள் ஒன்று. அது போனால் பள்ளிக்குப் பணம் ஏது? மருத்துவமனைக்கு மருந்து ஏது? அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 1939-இலே பிறந்தது பொது விற்பனை வரி. ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் குறைந்த சிறுவணிகர்க்கு விலக்கு. பெருவணிகர்க்கு நூற்றுக்கு அரை ரூபாய். வீதம் சிறிது, வீச்சுப் பெரிது! பிற மாகாணங்களும் பின்பற்றின.

அந்தத் திறவுகோல் இன்று எங்கே? 2017 சூலை முதல் நாள் சரக்கு-சேவை வரி வந்தது. பெரும்பாலான பண்டங்களுக்கு வரி வீதத்தைத் தமிழ்நாடு தனியே நிர்ணயிக்க இயலாது. இழப்பீட்டுக் காலமும் 2022 சூன் திங்களோடு முடிந்தது. மாநிலத்தின் பிடியிலே எஞ்சியவை பெட்ரோல், டீசல், மது, முத்திரைத்தாள், வாகன வரி போன்ற சிலவே. எந்த மதுவை விட்டொழிக்க வரி பிறந்ததோ, அந்த மதுவையே ஊன்றுகோலாகப் பற்றி நிற்கிறது கருவூலம்!

2021 ஆகஸ்டிலே வெளியான வெள்ளை அறிக்கையைப் படித்தீர்களா? 2020-21-இல் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய். குடும்பம் ஒன்றின் தலையிலே 2,63,976 ரூபாய்க் கடன்.

கடன் படுவது குற்றமா? கிணறு வெட்டக் கடன் வாங்கும் உழவனை ஊர் பழிப்பதில்லை. அன்றாட உலைக்கு அரிசி வாங்கக் கடன் தேடுபவனைக் கண்டுதான் கலங்குகிறது. வருவாய்ப் பற்றாக்குறை என்பது, தோழர்களே, அந்த உலையரிசிக் கடன்!

சிக்கனம் என்ற பெயரால் சத்துணவுத் தட்டிலே கை வைப்பது சீர்திருத்தமன்று. ஏய்ப்போரிடம் வரியைப் பெறுதல், மின்வாரியத்தின் இழப்பை அடைத்தல், வரி விதிக்கும் உரிமையை மீட்டல், இவையே சீர்திருத்தம். அதற்கும் விலை உண்டு. 2022-இலே சொத்து வரி உயர்ந்தது, மின்கட்டணம் உயர்ந்தது, முணுமுணுப்பும் எழுந்தது. அந்த முணுமுணுப்புக்கு விடை சொல்ல வேண்டியவர் அமைச்சர் மட்டுமல்லர், நீங்களுந்தான்! நாமக்கல் லாரிப் பட்டறையிலே, சேலத்துத் தறிக்கூடத்திலே, "ஏன் இந்த வரி? எங்கே போகிறது எங்கள் பணம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், கேட்பது அவர்கள் உரிமை. கைதட்டிக் கலைந்துவிடாதீர்கள், கணக்கைக் கற்றுச் செல்லுங்கள்!