மறு ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

சகோதரிகளே, இது கூச்சப்பட்டு ஒதுக்கும் விஷயமல்ல.

மார்பகப் புற்றுநோய்க்குப் பின் பொருத்தும் சிலிக்கான் இம்ப்ளான்ட் ஆயுள் முழுவதற்கும் உத்தரவாதமுள்ளது அல்ல. மார்புத் தசைக்கு அடியில் வைத்திருந்தால், கனமான கதவைத் தள்ளும்போது தசை இறுகி மார்பகம் இழுபடலாம், வலிக்கலாம். மறு ஆபரேஷனில் அதைத் தசைக்கு மேலே, தோலுக்கு அடியில் மாற்றி, தசையைப் பழைய இடத்திலேயே தைப்பார்கள். தசை இழுப்பது குறையும். ஆனால் தோல் மெல்லியதானால் சுருக்கம் வெளியே தெரியலாம். கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகலாம்.

ஆகவே, "என் தோல் தாங்குமா?" என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். கம்பெனி, அளவு, வரிசை எண் உள்ள இம்ப்ளான்ட் கார்டை டெபாசிட் ரசீது போலப் பத்திரப்படுத்துங்கள். "இந்த வயதில் எதற்கு?" என்பவர்களிடம், வலி வயது பார்ப்பதில்லை என்று சொல்லுங்கள்.