சூசன்னாவோடு வந்தவர்கள்



தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று சூசன்னாவின் வரலாற்றை வாசிக்கிறோம் (தானியேல் 13). குளிக்கச் சென்ற பெண்ணை ஒளிந்திருந்து பார்த்த முதியோர் இருவர், இணங்காவிட்டால் பழி சுமத்துவோம் என மிரட்டினார்கள். விசாரணையிலும் அவரது முக்காட்டை நீக்கச் சொல்லிப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

உங்கள் தோழி அழுதுகொண்டு வருகிறாள். அவளது அந்தரங்கப் படத்தை யாரோ பரப்பிவிட்டார்கள். "எங்கே, காட்டு" என்று கேட்காதீர்கள். கேட்டால் அந்த முதியோர் பக்கத்தில் போய் நிற்கிறீர்கள். "ஏன் எடுக்கவிட்டாய்?" என்பதும் வேண்டாம். எடுக்கச் சம்மதித்த பெண், பரப்பச் சம்மதிக்காதபோது பரப்பினால் குற்றமே என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. எடுத்தது சரியா என்ற கேள்வி இருந்தால் அது ஒப்புரவு அருட்சாதனத்துக்கு உரியது, அன்பியக் கூட்டத்துக்கு அல்ல.

இணைப்பு, கணக்கின் பெயர், தேதி ஆகியவற்றைக் குறித்துவைக்க உதவுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற தளம் உண்டு. படம் அவள் கைபேசியை விட்டு வெளியே போகாது. அதன் அடையாளக் குறியீடு மட்டுமே முகநூல், இன்ஸ்டாகிராம் போன்றவற்றுக்குப் போய்ப் பரவலைத் தடுக்க உதவும். சிறுமி என்றால் 1098.

சூசன்னா விசாரணைக்குத் தனியாக வரவில்லை. பெற்றோர், பிள்ளைகள், உறவினர் எல்லோரும் கூட வந்தார்கள். காவல் நிலையத்துக்கு நீங்களும் கூடப் போங்கள். அன்றிரவு அவளைத் தனியே விடாதீர்கள்.