பள்ளிப் படிப்பும் தொழில் வழியும்: வலியசாலையிலிருந்து ஒரு பார்வை

(திருவனந்தபுரம் வலியசாலையில் பத்தாம் வகுப்பு மாணவர்கள், பெற்றோர், கல்வித் துறை அலுவலர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்கும் மேல்நிலைச் சேர்க்கை விண்ணப்பத்துக்கும் இடையே சில வாரங்களே உள்ளன. பதினைந்து வயதுப் பிள்ளை அந்தச் சில வாரங்களில் எடுக்கும் முடிவு, பின்னர் வரும் பல ஆண்டுகளைக் கட்டிப்போட்டு விடுகின்றது. அந்த முடிவு சரியாக அமைய வேண்டும் என்று பிள்ளைக்கு அறிவுரை கூறுவதற்காக மட்டும் நான் இங்கு வரவில்லை. முடிவு சற்றே தவறினாலும் வாழ்வு தவறிப் போகாதபடி வழிகளை அமைத்துத் தருவது யாருடைய பொறுப்பு என்பதே இன்று நாம் பேச வேண்டிய பொருள்.

நாம் கூடியிருக்கும் இடத்தின் பெயரிலேயே 'சாலை' உள்ளது. அது வண்டி ஓடும் சாலை அன்று, கல்விச் சாலை. சோழக் கல்வெட்டுகளில் புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை இந்த வலியசாலைப் பகுதியிலேயே இருந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். வேறிடம் குறிப்பிடுவோரும் உளர். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டளவில் இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலையை நிறுவி, அதற்குக் காந்தளூரின் ஒழுங்குமுறையையே விதியாக்கினான். அந்தச் செப்பேட்டின்படி அங்கு மாணவர் இடங்கள் 95. வேதக் கிளை வாரியாக 45, 36, 14 என்று அவை பகுக்கப்பட்டன. சேர விரும்புவோர் இலக்கணம் முதலியன அறிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறைக்கும் தகுதியுடையோராக இருக்க வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. அதாவது இத்தனை இடம், இன்ன தகுதி, இன்ன பணிக்குப் பயன் என்பதெல்லாம் செம்பில் வெட்டிச் சொல்லப்பட்டிருந்தது. ஒரே சமூகத்தார்க்கு மட்டும் திறந்திருந்த கதவு அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், நுழையும்போதே வெளியேறும் வழியும் எழுதப்பட்டிருந்த அந்தத் தெளிவு, இன்றைய விளக்கக் குறிப்பேடுகள் பலவற்றில் எனக்குத் தென்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதை மாறியது. திருவிதாங்கூரில் ஆங்கிலக் கல்வி பரவியபோது, பள்ளி, கல்லூரி, அரசு உத்தியோகம் என்று ஒரே ஒரு நேர்வழி உருவாயிற்று. வலியசாலை, கரமனை, கோட்டைப் பகுதிகளின் அக்கிரகாரங்களில் பல குடும்பங்கள் அவ்வழியாலேயே வாழ்ந்தன. உத்தியோகம் வெளியூராருக்கே போகின்றது என்ற முறையீடுதான் 1891ஆம் ஆண்டின் மலையாளி மெமோரியல். 1896இல் ஈழவ மெமோரியலை அளித்த டாக்டர் பல்பு, சென்னையில் மருத்துவம் பயின்றும் திருவிதாங்கூரில் பணி மறுக்கப்பட்டு, மைசூர் அரசில் பணிபுரிய நேர்ந்தவர். படிப்புக்கும் பணிக்கும் நடுவே யாரோ ஒருவர் கதவைச் சாத்திவிட்டால், படித்தவனின் தகுதி ஒன்றும் செய்ய இயலாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

உயர்நிலைப் பள்ளியிலேயே இரண்டு பிரிவுகள் வேண்டும், ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, மற்றொன்று நடைமுறைத் தொழில்களுக்கு என்று 1882இல் அமைந்த ஹன்டர் குழு அப்போதே பரிந்துரைத்தது. இரண்டாம் பிரிவில் சேர்ந்தோர் மிகச் சிலரே. மக்கள் அறிவற்றவர்கள் என்பது அதற்குக் காரணமன்று. உத்தியோகம் முதற்பிரிவின் முடிவில் இருந்தது. மக்கள் அதைச் சரியாகவே கணித்தனர்.

இதனினும் ஆழமான ஐயம் ஒன்றும் உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. அதனைக் 'குலக்கல்வி' என்று மக்கள் எதிர்த்தனர். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. தொழிற்கல்வி என்று சொன்னவுடன் பெற்றோர் முகத்தில் தோன்றும் தயக்கத்தை அலுவலர்கள் அறியாமை என்று எண்ணிவிடக் கூடாது. 'பிறந்த இடத்திலேயே என் பிள்ளையை நிறுத்தப் பார்க்கின்றார்களோ' என்ற கேள்வி அதனுள் இருக்கின்றது. அந்தக் கேள்விக்கு விளம்பரத் தாள் விடையாகாது. தொழிற்பிரிவில் படித்த பிள்ளை பொறியியல் கல்லூரிக்கும் பட்டப் படிப்புக்கும் போய்ச் சேருவதைக் கண்ணால் காட்டுவதே விடை.

கோத்தாரிக் குழு தன் அறிக்கையை 1966இல் அளித்தது. பத்தாம் வகுப்புக்கு மேல் பயில்வோரில் பாதிப் பேர் 1986க்குள் தொழிற்கல்வியில் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. 1978இல் மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான குழு மேல்நிலைக் கல்வியைத் தொழில்மயமாக்குவது பற்றி ஆராய்ந்தது, 1985இல் வா.செ. குழந்தைசாமி தலைமையில் மற்றொரு குழு அமைந்தது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை பாதி என்ற இலக்கைக் குறைத்து, 1990க்குள் 10 விழுக்காடு, 1995க்குள் 25 விழுக்காடு என்றது. 1992இல் அந்த ஆண்டுகளும் 1995, 2000 என்று தள்ளிப் போயின. 2020ஆம் ஆண்டுக் கொள்கை மீண்டும் பாதி என்றது, ஆண்டு 2025. 19 முதல் 24 வயதுவரையுள்ள உழைப்பாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றோர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்ற பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்ட மதிப்பீட்டை அதே ஆவணம் எடுத்துக் காட்டுகின்றது. இலக்குகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கேரளத்தின் அனுபவமே நாம் கூர்ந்து நோக்கத் தக்கது. இங்கு தொழிற்கல்வி மேல்நிலைப் படிப்பு 1983-84இல் 19 பள்ளிகளில் தொடங்கிற்று. இன்று 389 பள்ளிகள். 261 அரசுப் பள்ளிகள், 128 உதவி பெறுபவை. சாலைக் கடைத்தெருப் பகுதியிலுள்ள அரசுத் தமிழ்ப் பள்ளியும் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளியே. ஒரு வகுப்பில் முப்பது பேரளவில்தான் மாணவர், ஆய்வுக்கூடம் உண்டு, பணியிடப் பயிற்சி உண்டு, ஆங்கிலமும் அறிவியல், வணிகவியல் போன்ற பாடங்களும் தொழிற்பாடத்தோடு சேர்ந்தே வருகின்றன. தேர்ச்சி பெற்றவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தகுதியுடையவர். தாளில் பார்த்தால் இது குறையற்ற ஏற்பாடு.

ஆனால் தொடங்கிய காலத்தைக் கவனியுங்கள். 1983இல் கேரளப் பள்ளிகளில் பொதுப் பிரிவு மேல்நிலை வகுப்பே கிடையாது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் பிரீ-டிகிரிப் படிப்புக்குக் கல்லூரிக்குப் போனார்கள். பொது மேல்நிலை வகுப்பு பள்ளிகளுக்கு வந்தது 1990-91இல்தான். கல்லூரிகளிலிருந்து பிரீ-டிகிரி முற்றும் நீங்க 2000-01 ஆயிற்று. ஆகவே ஏழாண்டுக் காலம் ஒரு மாணவனுக்கு இருந்த தேர்வு இதுதான்: புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போகின்றாயா, அல்லது சீருடையுடன் பள்ளியிலேயே இருக்கின்றாயா? பதினைந்து வயதில் இதற்கு என்ன விடை வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களின் புகலிடம் என்ற பெயர் அன்று தொழிற்பிரிவுக்கு ஒட்டிக்கொண்டது. பாடத்திட்டத்தின் குறையால் வந்த பெயரன்று அது. திட்டமிட்ட வரிசையின் குறையால் வந்தது. பெயர் ஒட்டுவதற்கு ஏழாண்டு போதும். உரிப்பதற்கு நாற்பது ஆண்டும் போதவில்லை.

அடுத்து, வெளியேறும் வழிகளைப் பார்ப்போம்.

கல்லூரி வழி ஓரளவு திறந்துள்ளது. தொழிற்பிரிவில் தேறியவர் பக்கவழிச் சேர்க்கையால் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். டிப்ளமா முடித்தவர் அதே முறையில் பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேரலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பொதுப் பிரிவு வழியே சென்றால் பத்தாம் வகுப்புக்குப் பின் 2, 4 ஆக ஆறு ஆண்டுகளில் பொறியாளர். பத்தாம் வகுப்பிலிருந்து நேரே பாலிடெக்னிக் சென்றாலும் 3, 3 ஆக அதே ஆறு ஆண்டுகள். நடுவில் டிப்ளமாவும் கையில் இருக்கும். தொழிற்பிரிவு வழியே 2, 2, 3 ஆக ஏழு ஆண்டுகள். ஓராண்டு கூடுதல், ஆனால் இரண்டு இடங்களில் இறங்கி வேலைக்குப் போகலாம். வேலை செய்துவிட்டு மீண்டும் ஏறலாம். இக்கணக்கை எத்தனை பள்ளிகளில் கரும்பலகையில் எழுதிக் காட்டுகின்றார்கள்? பக்கவழி இடங்கள் குறைவு என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

வேலை வழியில்தான் முட்டுக்கட்டை அதிகம். நம் நகரிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் தொழில்நுட்பர் பணிக்கு எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சியுடன் உரிய தொழிலில் ஐ.டி.ஐ. சான்றிதழோ தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழோ கேட்கப்படுவது வழக்கம். தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய அதே இயந்திரத்தில் இரண்டாண்டு பழகிய மாணவனுக்கு அந்தச் சான்றிதழ் இல்லை. அவன் சாக்கையிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைத்திறன் ஒன்றே, முத்திரை வேறு. ஒரு துறை தரும் முத்திரையை மற்றொரு துறை படிக்க மறுக்கின்றது. 2013இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு இந்த முத்திரைகளை ஒரே அளவுகோலில் வைக்கவே வந்தது. 2018-19 முதல் கேரளத் தொழிற்பிரிவுப் பாடங்கள் படிப்படியாக அதற்கேற்ப மாற்றப்பட்டன. பாடத்தை மாற்றியவர்கள், ஆட்சேர்ப்பு விதிகளை மாற்றுவோரோடு ஒரே மேசையில் அமர்ந்தார்களா என்பதே என் கேள்வி.

மூன்றாவது வழி தொழிற்பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டுச் சட்டம் 1986இல் திருத்தப்பட்டு, மேல்நிலைத் தொழிற்பிரிவில் தேறியவர்களும் ஓராண்டுப் பயிற்சி பெற வழி செய்யப்பட்டது. உதவித்தொகையும் உண்டு. தென் மாநிலங்களுக்கு இதனைக் கவனிக்கும் வாரியம் சென்னையில் உள்ளது. இந்த அவையில் எத்தனை பெற்றோர் இதனை அறிவீர்கள் என்று சற்றுமுன் கேட்டேன், கைகள் உயரவில்லை. அலுவலர் வரிசையிலும் இரண்டு கைகளே உயர்ந்தன.

ஜெர்மனியில் பழகுநன் வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிலகத்திலும் எஞ்சிய நாள் பள்ளியிலும் இருக்கின்றான். ஏறத்தாழ மூன்றாண்டு இவ்வாறு செல்கின்றது. அந்த முறையை அப்படியே பெயர்த்து இங்கு நட முடியாது. அங்கு பயிற்சியளிக்கும் தொழிலகங்கள் பல்லாயிரம். நம்மிடமோ சிறு கடைகளும் பணிமனைகளுமே மிகுதி. சிங்கப்பூர் நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு. அங்கு 1992இல் தொழில்நுட்பக் கல்விக் கழகம் அமைக்கப்பட்டபோது, அதன் மாணவர் பாலிடெக்னிக்குக்கும், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கும் ஏறிச் செல்லும் படிகள் வகுக்கப்பட்டன. தமிழ்க் குடும்பங்கள் உட்பட அங்குள்ள பெற்றோரின் ஐயம் ஒரே நாளில் நீங்கவில்லை. ஆயினும் படி கண்ணுக்குத் தெரிந்தது.

நம் ஊரில் பயிற்சிக்கு இடமா இல்லை? சாலைக் கடைத்தெருவின் மொத்த வணிகம், மருத்துவமனைகள், 1990இல் தொடங்கிய கழக்கூட்டம் டெக்னோபார்க், 2025 மே மாதம் முறையாகத் தொடங்கி வைக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் அனைத்தும் சில கல் தொலைவுக்குள். துறைமுகம் என்றால் பாரந்தூக்கி இயக்குவோர் மட்டுமல்லர். குளிர்பதனம், மின்பராமரிப்பு, சரக்குக் கணக்கு, சுங்க ஆவணம் என்று பணிகள் விரியும். இவற்றுள் எவை பள்ளிப் பாடமாகத் தக்கவை, எவை பாலிடெக்னிக்குக்கு உரியவை என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் அந்தத் தொழிலில் இருப்போரே. அவர்களைப் பாடத்திட்டக் குழுவில் விருந்தினராக அன்றி உறுப்பினராக அமர்த்த வேண்டும்.

அலுவலர்களிடம் நான் வேண்டுவது மூன்றே. ஒவ்வொரு தொழிற்பாடத்துக்கும் எதிரே, அதனை ஏற்கும் அரசுப் பணிகளையும் பட்டப் படிப்புகளையும் அச்சிட்டுத் தாருங்கள். எதுவும் இல்லையேல் 'இல்லை' என்றே அச்சிடுங்கள். பழைய மாணவர் எங்கே இருக்கின்றனர் என்ற பதிவேட்டை ஐந்தாண்டுக்கேனும் ஒவ்வொரு பள்ளியிலும் வையுங்கள். பதினோராம் வகுப்பில் முதல் மூன்று மாதத்துக்குள் பிரிவு மாற விரும்புவோருக்கு, இழப்பின்றி மாறும் வழி தாருங்கள். மூன்றாவது கோரிக்கைக்கு நிர்வாகச் சிக்கல் பல கூறப்படும் என்பதை அறிவேன். இடக் கணக்கும் ஆசிரியர் பணியிடக் கணக்கும் அதில் உள்ளன. எனினும் பதினைந்து வயதில் எடுத்த முடிவைத் திருத்த மூன்று மாதம் கேட்பது மிகையன்று.

மாணவச் செல்வங்களே, ஒற்றைச் சாளர விண்ணப்பத்தில் பாடத்தின் பெயரை நிரப்புமுன் அந்தப் பள்ளிக்கு ஒருமுறை நேரில் செல்லுங்கள். கருவிகள் உறைக்குள் இருக்கின்றனவா, எண்ணெய்க் கறையுடன் இருக்கின்றனவா என்று பாருங்கள். பணியிடப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகின்றீர்கள், எத்தனை நாள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தொழிற்பாடத்துடன் வரும் மற்றப் பாடங்களில் கணிதம் உண்டா என்று கவனியுங்கள். பின்னாளில் பொறியியல் கதவு அதனைப் பொறுத்தே திறக்கும். சென்ற ஆண்டு முடித்த ஒரு அண்ணனையோ அக்காவையோ தேடிப் பிடித்துப் பேசுங்கள். அச்சிட்ட தாளில் இல்லாதவை அவர்களுக்குத் தெரியும்.

வாயிலருகே உள்ள மேசையில் பாடப் பட்டியலும் பாலிடெக்னிக் பக்கவழிச் சேர்க்கை விவரமும் வைக்கப்பட்டுள்ளன. கேள்வி உடையவர்கள் எழுந்து கேட்கலாம். முதலில் மாணவர், பிறகு பெற்றோர்.