வேலைக்குள் இருக்கும் கதை



கேரளத்து மறையூரின் சந்தனக் கிடங்கில் ஏலத்துக்கு முன்னால் நடக்கும் வேலை வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாது. காட்டிலிருந்து வரும் மரத்தின் பட்டையையும் அதற்கடுத்த வெள்ளைப் பகுதியையும் செதுக்கித் தள்ளுவார்கள். உள்ளே இருக்கும் வைரத்துக்குத்தான் மணம், அதற்குத்தான் விலை. கட்டையின் கனம், நேர்த்தி, பொந்து, வெடிப்பு எல்லாம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். சந்தன வியாபாரத்தில் ஒவ்வொரு தரத்துக்கும் தனிப் பெயர். முதல் தரம் விலாயத் புத்தா. அடுத்தது சைனா புத்தா. அதற்குக் கீழே பஞ்சம், கோட்லா, பாக்ரதாத் என்று இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் மரத்தூள் வரைக்கும் பெயர் உண்டு.

மலையாள எழுத்தாளர் ஜி. ஆர். இந்துகோபன் தன் குறுநாவலுக்கு அந்தப் பட்டியலின் முதல் பெயரையே தலைப்பாக்கினார். ‘விலாயத் புத்தா’ மறையூரில் நடக்கும் கதை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு வளாகத்தில் ஒரு நல்ல சந்தன மரம் நிற்கிறது. அவருடைய பழைய மாணவன் ஒருவன் இப்போது சந்தனக் கடத்தல்காரன், அவனுக்கு அந்த மரம் வேண்டும். கதை முழுவதும் அந்த ஒரு மரத்தைச் சுற்றியே நடக்கிறது. 2025இல் இது திரைப்படமாகவும் வந்தது. மறையூருக்கு வருகிறவர்கள் சந்தன வாசனையைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறார்கள். கிடங்கில் தரம் பிரிப்பவர் தினமும் உச்சரிக்கும் ஒரு சொல்லை எடுத்துக் கதையின் நெற்றியில் வைக்க இந்துகோபனுக்குத் தோன்றியிருக்கிறது. எழுத்துக்கு விஷயம் எங்கிருந்து வருகிறது என்று இளைஞர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தலைப்புதான் நினைவுக்கு வரும்.

அன்றாட வாழ்க்கையில், அதிலும் செய்கிற தொழிலில், எழுத்துக்கான பொருளைக் கண்டெடுப்பதும் ஒரு கலைதான். அந்தக் கலையின் தரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கேரளத்தில் தமிழில் எழுதியவர்களில் இதற்கு முதல் உதாரணம் ஆ. மாதவன். 1934இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அந்நகரின் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்தினார். எழுதுவதற்கென்று மலைக்கோ கடற்கரைக்கோ அவர் போகவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தார், எதிரே தெரு நடந்துகொண்டிருந்தது. சுமை தூக்குகிறவர்கள், கைநீட்டிப் பிழைக்கிறவர்கள், போக்கிரிகள், பொழுது சாய்ந்தபின் கடைத்தெருவுக்கு வருகிற பெண்கள், யாருக்கும் சொந்தமில்லாத நாய்கள். ‘கடைத்தெருக் கதைகள்’ அப்படித்தான் உருவானது. ‘எட்டாவது நாள்’ குறுநாவலில், சாகக் கிடக்கும் ஒரு பழைய போக்கிரியின் மனசுக்குள் அந்தத் தெரு முழுக்க மறுபடி நடக்கிறது.

மாதவனிடம் நான் மிகவும் மதிப்பது அவருடைய தீர்ப்பின்மையை. கடைக்காரருக்கு வருகிறவன் யாராக இருந்தாலும் வாடிக்கைக்காரன்தான். நல்லவன் கெட்டவன் என்று பிரித்து வைத்துவிட்டு வியாபாரம் செய்ய முடியாது. அந்தப் பழக்கம் அப்படியே அவர் எழுத்துக்கு வந்துவிட்டது. திருடனைப் பற்றி எழுதினாலும் அவன் பசியையும் சாமர்த்தியத்தையும் ஒரே நிதானத்தில் சொல்வார். கண்டிக்கவும் மாட்டார், உருகவும் மாட்டார். ‘புனலும் மணலும்’ நாவலில் ஆற்றில் மணல் வாருகிறவர்களின் பிழைப்பு வருகிறது. மணலை அள்ள அள்ள ஆறு ஆழமாகிறது, ஒரு குடும்பத்துக்குள்ளும் ஒரு வெறுப்பு அதே வேகத்தில் ஆழமாகிக்கொண்டு போகிறது. அந்த நாவல் வந்தது 1974இல். மணற்கொள்ளை என்று நாம் செய்தித்தாளில் படிக்கத் தொடங்கியது எத்தனையோ காலம் கழித்து. 2015இல் சாகித்திய அகாதமி விருது அவருக்குக் கிடைத்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அந்தத் தாமதம் இன்றைக்கும் என் மனசை உறுத்துகிறது.

வேலை செய்கிறவரே எழுதுவது ஒரு வழி. இன்னொரு வழி, தன் வேலையின் காரணமாகப் பிறர் சொல்வதைக் கேட்கும் இடத்தில் இருப்பது. மறையூருக்கு மேற்கே ஆனைமலைத் தொடரில்தான் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே தோட்ட மருத்துவராக இருந்தவர் பி. எச். டேனியல். வயதான தொழிலாளிகள் வைத்தியத்துக்கு வருவார்கள். கங்காணிகள் ஆசை வார்த்தை காட்டி எப்படி மலைக்குக் கூட்டிவந்தார்கள், காய்ச்சலில் யார் யார் செத்தார்கள் என்பதையெல்லாம் அவர்களிடமிருந்து கேட்டார். அதை ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என்று நாவலாக எழுதி 1969இல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அதுதான் ஆதாரம். நோயாளியிடம் ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்ட மருத்துவர் அதற்கு அடுத்த கேள்வியையும் கேட்டதால் நமக்குக் கிடைத்த புத்தகம் அது.

நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணனின் வழி வேறு. உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ எழுத வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கே போய், அளத்தில் வேலை செய்கிறவர்களோடு பேசிப் பழகி எழுதுவார். இதில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். சேகரித்த தகவலை விட்டுவிட மனசு வராமல் கதையை நிறுத்திவைத்துவிட்டுத் தொழிலை விளக்கத் தொடங்குவது இவ்வகை எழுத்தில் அடிக்கடி நேரும். வாசகன் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறான். பாத்திரத்தின் கை எதைச் செய்துகொண்டிருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் தொழில் உள்ளே வந்தால் போதும்.

இப்போது மறையூர்ச் சர்க்கரைக்கு, அதாவது அந்த ஊர் வெல்லத்துக்கு, வருகிறேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சர்க்கரை இது. மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் போகும் சாலையில், இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய நடுவில் மறையூர் இருக்கிறது. மழை மறைவுப் பகுதி. பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் சேருகிறது. பள்ளத்தாக்கில் கரும்பு வயல்கள், வயலோரத்தில் ஆலைக் கொட்டகைகள்.

கொட்டகைக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிழிந்த சாறு பெரிய கொப்பரையில் கொதிக்கிறது. கீழே எரிவது சாறு பிழிந்த கரும்பின் காய்ந்த சக்கையேதான். தீப்போடுகிறவர் அடுப்பு வாயை விட்டு நகர முடியாது. சக்கை காகிதம் மாதிரி பற்றிக்கொள்ளும், அடுத்த நிமிஷமே அடங்கிவிடும். சுண்ணாம்பு சேர்த்ததும் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும், அதை வழித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதம் பார்க்கிறவர் துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார். உருண்டு நின்றால் இறக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் உருண்டை நிற்காது, பிந்தினால் கருகிப்போகும். கொப்பரை இறங்கியபின் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பாகு ஆறிக் கெட்டியாவதற்குள், சூடு பொறுக்கும் பக்குவத்தில் கையாலேயே உருண்டை பிடித்தாக வேண்டும். அச்சு கிடையாது. மறையூர் உருண்டையில் பிடித்த விரலின் தடம் பதிந்திருக்கும்.

இங்கே ஒரு கதைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. காலக்கெடு இருக்கிறது. கண்ணும் விரலும் மட்டுமே அறிந்த, புத்தகத்தில் இல்லாத ஒரு தேர்ச்சி இருக்கிறது. ஒருவர் தவறினால் அத்தனை பேர் உழைப்பும் வீணாகும் நெருக்கடி இருக்கிறது. கொட்டகைக்கு வெளியே விலை இருக்கிறது, வேறு ஊர் வெல்லத்தை மறையூர்ப் பெயர் சொல்லி விற்கிறார்கள் என்ற மனக்குறை இருக்கிறது. சந்தனத்தைப் போலவே சர்க்கரைக்கும் ஒரு நாவல் வேண்டும், அதுவும் தமிழில் வேண்டும் என்பது என் ஆசை. இந்தக் கொட்டகைகளில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும். அந்தப் பேச்சை அப்படியே எழுதத் தயங்க வேண்டியதில்லை.

தயங்காமல் எழுதுகிறவர் ஒருவர் இந்த ஊரிலேயே இருக்கிறார். முதுவான் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த அசோகன் மறையூர், முதுவான் மொழியிலும் மலையாளத்திலும் கவிதை எழுதுகிறவர். காட்டைப் பார்க்க வந்தவர்களின் கவிதைகளில் காடு பெரும்பாலும் பச்சை நிறமும் பனியுமாகத்தான் இருக்கிறது. காட்டிலேயே வாழ்கிறவருக்கு அது வேலை செய்யும் இடம், வழி தெரிந்த இடம், பயப்பட வேண்டிய நேரமும் தெரிந்த இடம்.

உழைக்கிறவர்களுக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்பவர்கள் இடமலைக்குடியை நினைத்துக்கொள்ளட்டும். கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி அது. அங்கே காட்டுக்குள் ஒரு சின்ன டீக்கடையில் பி. வி. சின்னத்தம்பி நூலகம் நடத்தினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். 160 புத்தகங்கள், அவற்றை வைத்திருந்தது சாக்குப் பைகளில். சிலப்பதிகாரமும் அதில் இருந்தது. யார் எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்று ஒழுங்காகப் பதிவேடு எழுதினார். டீ விற்கிற கையால்தான் அந்தப் பதிவேடும் எழுதப்பட்டது.

வேலை ஆளைக் களைக்க வைக்கிறது, எழுத நேரம் தருவதில்லை என்பது உண்மைதான். மாதவனுக்கும் கடையைப் பார்த்துக்கொண்டேதான் எழுத வேண்டியிருந்தது. ஆகவே நாவல் எழுதுங்கள் என்று யாரையும் நான் கேட்கப்போவதில்லை. மறையூர், காந்தளூர், கோவில்கடவுப் பக்கம் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஆலை வேலை தெரிந்தவர்கள் ஒரே ஒரு கொப்பரைக் காய்ச்சலை மட்டும் எழுதிப் பாருங்கள். அடுப்புப் பற்றவைத்ததிலிருந்து கடைசி உருண்டை வரை, நடந்த வரிசையில், நீங்கள் பேசுகிற சொல்லில். சர்க்கரை எவ்வளவு இனிப்பு என்று ஒரு வரிகூட வேண்டாம், அதைச் சாப்பிடுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். சக்கை ஈரமாகிப் புகைந்த அன்றைக்கு யார் யாரைத் திட்டினார்கள், பதம் தப்பிய பாகை என்ன செய்தீர்கள், நஷ்டத்தை யார் ஏற்றார்கள், அன்றைய கூலி கிடைத்ததா, இதையெல்லாம் எழுதுங்கள்.