மூஸா நபி செய்த கூலி வேலை



2022 நவம்பர் 20 அன்று கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி தொடங்கிய வேளையில் குர்ஆன் வசனம் ஓதப்பட்டது. மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே பல சமூகத்தாராக ஆக்கப்பட்டனர் என்னும் பொருளுடைய ஹுஜுராத் அத்தியாய வசனம் அது. கேட்ட நம்மில் பலருக்குக் கண்கள் கலங்கின. எனக்கும்தான். ஆனால், அந்த மைதானங்களைக் கட்டியவர்களை நாம் அறிந்துகொண்டோமா?

இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வட்டிக்குக் கடன் வாங்கி, ஏஜெண்டிடம் கட்டிவிட்டுச் சென்றவர்கள் அவர்களுள் ஏராளம். பலருடைய பாஸ்போர்ட் முதலாளியின் கையில். பலருக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி. முதலாளியின் இசைவின்றி வேலை மாற இயலாது என்ற விதி 2020இல்தான் நீக்கப்பட்டது. மாதம் 1000 ரியால் என்ற குறைந்தபட்ச ஊதியம் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நற்செயலே, மறுப்பதற்கில்லை. ஆயினும் போட்டி கத்தாருக்கு அளிக்கப்பட்டது 2010இல் அல்லவா? இடைப்பட்ட ஆண்டுகளின் வியர்வைக்கு எவர் கணக்குக் கொடுப்பது? இவையெல்லாம் மேற்கத்தியரின் காழ்ப்பு என்று நம்மவர் சிலர் ஒதுக்கினர். காழ்ப்பு இருந்திருக்கலாம். அதனால் கொடுக்காத கூலி கொடுத்ததாகிவிடுமா?

நம் நாட்டிலும் இது நடந்ததுண்டு. 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுக்காக உழைத்தவர்களின் நாட்கூலி 9.25 ரூபாய். அதில் ஒரு ரூபாயை ஆள் பிடித்துக் கொடுத்த ஜமாதார் எடுத்துக்கொண்டார். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார்.

மூஸா (அலை) அவர்களும் பிழைக்கச் சென்றவர்தாம். மிஸ்ரிலிருந்து தப்பி, மத்யனில் அந்நியராக ஆடு மேய்த்தார்கள். வேலை தந்த பெரியவர் என்ன செய்தார்? எட்டு ஆண்டுகள் என்று தவணையை முன்கூட்டியே சொன்னார். பத்தாக்குவது உம் விருப்பம் என்றார். உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்றும் சொன்னார். பேசியது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்ற நிலை அங்கே இல்லை. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். புகாரியில் இடம்பெற்ற ஹதீஸ் இது.

கத்தாரைப் பேசிவிட்டு எழுந்து சென்றுவிடலாம், எளிது. நம் பள்ளியின் மாடிக்குப் பூச்சு வேலை செய்தவர்கள் வங்காளத்திலிருந்து வந்த இளைஞர்கள். மேஸ்திரியிடம் நாம் முழுத்தொகையும் கொடுத்தோம். அவர்கள் கைக்கு எவ்வளவு சென்றது என்று ஜமாஅத்தார் கேட்கவில்லை. ஒவ்வொரு வக்துக்கும் அவர்களைக் கடந்து மிஹ்ராபுக்குச் சென்ற நானும் கேட்கவில்லை. அவர்கள் ஊர் திரும்பிய பின்னரே பாக்கி இருந்தது தெரியவந்தது. மேஸ்திரி மூலம் முகவரி தேடிக்கொண்டிருக்கிறோம்.

2034ஆம் ஆண்டின் உலகக் கோப்பை சவூதி அரேபியாவில் நடைபெறவுள்ளது. திருவண்ணாமலையிலிருந்தும் நம் பிள்ளைகளை அழைக்க ஏஜெண்டுகள் வருவார்கள். அவர்களில் நம் ஸஃப்பில் நிற்பவரும் இருக்கலாம். பணம் கட்டுமுன் வேலை ஒப்பந்தத் தாளை எடுத்து வாருங்கள். அரபியில் உள்ளதை நான் படித்துச் சொல்கிறேன். அஸருக்குப் பின் பள்ளி அலுவலகத்தில் இருப்பேன்.