நத்தார் விருந்தும் முன்னாயத்தமும்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் திருகோணமலையின் வானம் கருக்கத் தொடங்குகிறது. ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள நான்கு மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. துறைமுகத்தின் உட்பகுதி மலைகளின் அணைப்பில் அமைதியாகக் கிடந்தாலும், வெளிக்கடல் கொந்தளிக்கிறது. வள்ளங்கள் கரையேறுகின்றன, சந்தையில் மீன் அருகி, விலை ஏறுகிறது. இந்த மழைக்கும் காற்றுக்கும் நடுவிலேதான் நத்தார்ப் பண்டிகை வந்து சேருகிறது.

பண்டிகை நாளில் இல்லம் எங்கும் மகிழ்ச்சி நிறைந்திருக்கும். நடுநிசித் திருப்பலி முடிந்து பிள்ளைகள் புத்தாடையோடு வீடு திரும்புவர். உற்றாரும் அயலாரும் வந்து அமர்வர். ஆனால் குடும்பத் தலைவி எங்கே இருக்கிறார் என்று தேடினால், அவர் குசினியில் அடுப்பின் முன்னே நிற்பதைக் காணலாம். முதல்நாள் மாலை தொடங்கிய வேலை மறுநாள் பிற்பகலிலும் முடிவதில்லை. யாவரும் உண்டு எழுந்த பின்னர், பசியும் அடங்கிப்போன நிலையில், அவர் ஒருவராக அமர்ந்து உண்கிறார். விருந்தை ஆக்கியவருக்கு விருந்தில் இடமில்லாத இந்த வழக்கம் எத்தனையோ இல்லங்களில் ஆண்டுதோறும் நிகழ்கிறது. வேலையைப் பல நாட்களுக்குப் பகிர்ந்து, முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டால் இதனைத் தவிர்க்கலாம். அதற்குரிய வழிகள் எவை, அவற்றிற்குரிய எச்சரிக்கைகள் எவை என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

முன்கூட்டிச் சமைத்து வைப்பதைப் புதுமை என்றோ சோம்பல் என்றோ சிலர் எண்ணுவதுண்டு. திருகோணமலையின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு எண்ணார். 1624ஆம் ஆண்டில் அங்கே கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயர், பின்னர் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். எனினும் அவர்களுடைய சொற்களும் உணவு வகைகளும் கரையிலேயே தங்கிவிட்டன. நத்தார் என்னும் சொல்லே போர்த்துக்கேய மொழியின் கொடையாகும். பாண், விசுக்கோத்து, வினாகிரி, தோசி ஆகிய சொற்களும் அவ்வழி வந்தனவே. அவர்கள் வழித்தோன்றல்களான பறங்கியர் பாலையூற்று முதலிய இடங்களில் இன்றும் வாழ்கின்றனர். இவற்றுள் பாணைத் தவிர ஏனைய மூன்றும் நீண்ட நாள் கெடாமல் இருக்கும் உணவுகளைக் குறிப்பன என்பது கவனிக்கத்தக்கது. கடலோடிகளுக்கு அத்தகைய உணவே வேண்டியிருந்தது.

இலங்கையின் நத்தார்க் கேக் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ரவை, வெண்ணெய், சீனி, முட்டையின் மஞ்சட்கரு, கஜு, முந்திரிகை வற்றல், இஞ்சித் தோசி, நீற்றுப்பூசணித் தோசி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் இந்தக் கேக்கை, பண்டிகைக்குப் பல வாரங்களுக்கு முன்னரே செய்துவிடுவர். பழவகைகளைச் சிறு துண்டுகளாக அரிந்து, பிராண்டியில் ஊறவைப்பர். சுட்டெடுத்த கேக்கை எண்ணெய்த்தாளிற் பொதிந்து, காற்றுப் புகாத தகரப் பேணியில் வைப்பர். நாட்கள் செல்லச் செல்ல அதன் சுவை கூடுமேயன்றிக் குறைவதில்லை. இதன் காரணம் எளியது. கிருமிகள் பெருகுவதற்கு ஈரம் வேண்டும். மிகுதியான சீனி அந்த ஈரத்தைத் தன்பாற் பிணைத்துக்கொள்கிறது; மதுசாரம் கிருமிகளைத் தடுக்கிறது. ஊறுகாயிலும் அச்சாறிலும் இதே பணியை வினாகிரியின் புளிப்புச் செய்கிறது. கருவாட்டில் உப்பும் வெயிலும் செய்கின்றன. ஆகவே, பாட்டிமார் அறிந்திருந்த இந்த முறைகள் யாவும் விஞ்ஞான அடிப்படை உடையனவே.

இவற்றோடு பிற்காலத்தில் வந்து சேர்ந்தது குளிர். வெப்ப நாடுகளில் பனிக்கட்டி ஒருகாலத்தில் அரும்பொருளாக இருந்தது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பக்கத்து ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டி, 1833ஆம் ஆண்டில் கப்பலேறிக் கல்கத்தாவை அடைந்தது. அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்கென 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டப்பெற்ற கட்டிடம், விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரோடு இன்றும் நிற்கிறது. உணவை உறையவைக்கும் கலையில் பெரிய திருப்பத்தை ஏற்படுத்தியவர் கிளாரன்ஸ் பேர்ட்சை என்னும் அமெரிக்கர். 1912ஆம் ஆண்டளவில் கனடாவின் லப்ரடோர்ப் பகுதிக்குச் சென்ற அவர், அங்குள்ள மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடிப்பொழுதில் உறைவதையும், பல மாதங்களின் பின்னரும் அது புதுமீன்போலச் சுவைப்பதையும் கண்டார். மெதுவாக உறையும் உணவில் பெரிய பனிப்பளிங்குகள் தோன்றித் தசையின் நுண்ணறைகளைக் கிழித்துவிடுகின்றன. விரைவாக உறையும் உணவில் பளிங்குகள் சிறியனவாக இருப்பதால் சேதம் குறைகிறது. இல்லத்தில் பயன்படும் பிறீசருக்கும் இதே விதி பொருந்தும். பெரிய பாத்திரத்தில் நிறைத்து வைத்தால் உள்ளே குளிர் சேர நெடுநேரம் ஆகும். சிறிய, தட்டையான பொதிகளாக வைத்தால் விரைவில் உறையும்.

ஓர் உண்மையை இங்கே மனத்திற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்கவைக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசில் அவை பெருகா. உணவு இளகியதும் மீண்டும் விழித்துக்கொள்ளும். ஆதலால், ஏற்கெனவே பழுதடைந்த உணவைப் பிறீசர் நல்லதாக்கிவிடாது. சமைத்த உணவை மேசைமீது இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் உறையவைப்பது பெருந்தவறு. அவ்வாறு விடப்பட்ட சோற்றிலும் இறைச்சியிலும் சில கிருமிகள் நஞ்சை உண்டாக்குகின்றன. பின்னர் கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. சமைத்ததை அகன்ற தட்டங்களிற் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும்.

இனி, எவற்றை உறையவைக்கலாம், எவற்றை உறையவைத்தலாகாது என்பதைப் பார்க்கலாம். கோழிக்கறியும் இறைச்சிக்கறியும் உறையவைப்பதற்கு ஏற்றவை. ஆனால் தேங்காய்ப்பாலைச் சேர்த்து உறையவைத்தால், இளகும்போது பால் திரைந்து எண்ணெய் வேறு, நீர் வேறாகப் பிரிந்துவிடும். எனவே சரக்குத்தூளும் வெங்காயமும் சேர்த்துக் கறியை வேகவைத்து, பால் விடாமல் உறையவைத்தல் நன்று. பண்டிகையன்று கறியை நன்றாகக் கொதிக்கவைத்து, புதிதாகப் பிழிந்த முதற்பாலை இறுதியில் விட்டு இறக்கினால், அன்று சமைத்த கறிக்கும் இதற்கும் வேறுபாடு தோன்றாது. கறியில் உருளைக்கிழங்குத் துண்டுகளை இடுவதாயின் அவற்றையும் அன்றே இடுக. உறைந்து இளகிய கிழங்கு மாவுத்தன்மை கெட்டு மணல்போல் ஆகிவிடும். மசித்த கிழங்கினாற் செய்த கட்லட்டுக்கு இக்குறை இல்லை. கட்லட், ரோல்ஸ், பற்றிஸ் ஆகியவற்றை உருவாக்கி, பொரிக்காமலே உறையவைத்து, வேண்டும்போது மிதமான தீயிற் பொரித்துக்கொள்ளலாம். பொரித்த பின் உறையவைத்தால் மொறுமொறுப்பு நீங்கித் தொய்ந்துவிடும்.

ஒல்லாந்தர் வழிவந்த லம்பிரைஸ் வாழையிலையிற் பொதியப்படுவதால் உறையவைப்பதற்கு மிகவும் வசதியானது. எனினும் அதனுள் அவித்த முட்டையை வைத்தலாகாது. முட்டையின் வெள்ளைக்கரு உறைந்து இளகினால் இறப்பர்போல் இறுகிவிடும். வெள்ளரி, தக்காளி, சலாது இலை முதலியவை உறைந்தால் துவண்டு நீர்விடும். இவற்றையும் மஞ்சட்சோற்றையும் பண்டிகையன்றே ஆக்கிக்கொள்வது நல்லது. மீனைப் பொறுத்தவரை, கடல் கொந்தளிக்கும் முன் நல்ல அறக்குளாவையோ பாரையையோ வாங்கி, கழுவித் துண்டாக்கி, ஈரம் ஒற்றியெடுத்து, ஒருவேளைச் சமையலுக்குப் போதுமான அளவிற் பொதிகளாக வைத்துக்கொண்டால், பண்டிகைக் காலத்து விலையேற்றத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பொதிகட்டும்போது உள்ளே காற்று நிற்காதவாறு அழுத்திக் கட்டுதல் வேண்டும். காற்றுப்பட்ட இடம் உலர்ந்து வெளிறிச் சுவை கெடும். குழம்பு வகைகளை இடும் பாத்திரத்தின் மேற்பகுதியிற் சிறிது இடம் விடுதல் வேண்டும். நீர் பனிக்கட்டியாகும்போது நூற்றுக்கு 9 பங்கு அளவு பெருகுவதால், நிறைந்த போத்தல் வெடித்துவிடும். ஒவ்வொரு பொதியிலும் பெயரும் தேதியும் எழுதுதல் அவசியம். உறைந்த பின்னர் கோழிக்கறிக்கும் ஆட்டுக்கறிக்கும் வேறுபாடு காண்பது எளிதன்று.

வேலைகளை நாள்வாரியாக வகுத்துக்கொள்வது எப்படி? நவம்பர் முதல் வாரத்திற் பழங்களை அரிந்து ஊறவைக்கலாம். அம்மாதத்தின் முடிவிற் கேக்கைச் சுட்டெடுக்கலாம். டிசம்பர் முதல் வாரத்தில் அச்சாறும், இரண்டாம் வாரத்தில் பற்றிஸ், கட்லட் ஆகியனவும், மூன்றாம் வாரத்திற் கறிகளும் செய்யலாம். 23ஆம் நாள் காலை, கறிப்பொதிகளைப் பிறீசரிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தல் வேண்டும். உணவு அங்கேதான் இளக வேண்டும். குசினி மேசையில் இளகவைத்தால், நடுப்பகுதி பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்பகுதியிற் கிருமிகள் பெருகத் தொடங்கிவிடும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள முழுக்கோழி இளகுவதற்கு ஒரு முழுநாள் தேவை. 25ஆம் நாள் சோறு ஆக்குதல், கறிகளைக் கொதிக்கவைத்துப் பால் விடுதல், பலகாரம் பொரித்தல் ஆகிய மூன்று வேலைகளே எஞ்சும். அவற்றைக் கணவரும் பிள்ளைகளும் பகிர்ந்துகொண்டால் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

இத்தனை ஆயத்தமும் மின்சாரத்தை நம்பியிருக்கிறது என்பதைத் திருகோணமலை மக்கள் மறந்துவிடலாகாது. டிசம்பர் மாதம் அவர்களுக்குப் புயல் மாதமுமாகும். 1964ஆம் ஆண்டில், நத்தாருக்கு மூன்றே நாட்கள் இருக்கையில், டிசம்பர் 22ஆம் நாள் பெருஞ்சூறாவளி திருகோணமலைப் பகுதியையும் வடக்கையும் தாக்கிச் சென்றது. 2000ஆம் ஆண்டில் நத்தாருக்கு மறுநாள் ஒரு சூறாவளி திருகோணமலைக் கரையைக் கடந்தது. 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு புரெவிப் புயல் அந்நகருக்கு வடக்கே கரையேறியது. புயல் இல்லாத ஆண்டிலும் மின்வெட்டு வரக்கூடும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

மின்சாரம் நின்றால் செய்ய வேண்டிய முதற்காரியம், பிறீசரின் கதவைத் திறவாதிருப்பது. நிறைந்த பிறீசர் மூடியபடியே இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். குளிர்சாதனப் பெட்டியோ நான்கு மணி நேரமே தாங்கும். ஆதலால், பிறீசரில் வெற்றிடம் இருப்பின், முக்காற்பங்கு நீர் நிரப்பிய போத்தல்களை வைத்து அதனை நிறைத்துக்கொள்ளலாம்; மின்சாரம் நிற்கும்போது அவை குளிரைத் தாங்கும்; இளகினால் குடிநீராகவும் உதவும். வெளியூர் சென்று திரும்புவோர், இடையில் மின்சாரம் நின்றதா என்பதை அறிய ஒரு வழி உண்டு. ஒரு கோப்பை நீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லுதல் வேண்டும். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் அச்சமில்லை. அடியிற் கிடந்தால், பனி முழுவதும் இளகிப் பின் மீண்டும் உறைந்திருக்கிறது என்பது பொருள். உள்ளேயிருக்கும் சமைத்த உணவை எறிந்துவிடுதலே அறிவுடைமை. எறியும்போது மனம் நோகும். ஆயினும் பண்டிகை நாளில் ஒரு குழந்தை வாந்திபேதியால் வருந்துவதைக் காட்டிலும் அந்த நோவு சிறியதே.

பிறீசர் இல்லாத இல்லங்களும் பல உள்ளன. அவை மனந்தளர வேண்டியதில்லை. கேக், தோசி, கொக்கிஸ், முறுக்கு, பயற்றம் பணியாரம், அச்சாறு ஆகிய எவற்றுக்கும் மின்சாரம் தேவையில்லை. பிறீசர் உடைய இல்லத்தாருங்கூடத் தம் விருந்தின் ஒரு பாதியை இவ்வாறு அமைத்துக்கொள்வது நலம். புயல் வந்து மின்சாரம் நின்றாலும் வீட்டில் விருந்து இருக்கும்.

முன்னாயத்தத்தால் விளையும் இன்னொரு நன்மையும் உண்டு. திருகோணமலையில் தீபாவளி, பொங்கல், பெருநாள், புத்தாண்டு ஆகிய பண்டிகைகளில் பலகாரத் தட்டுகள் வேலி கடந்து செல்வது வழக்கம். நத்தார்த் தட்டை அனுப்பும்போது, பிராண்டி சேர்ந்த கேக்கை முஸ்லிம் அயலாருக்கு அனுப்புதல் பொருந்தாது. தோடம்பழச் சாற்றிற் பழங்களை ஓரிரவு ஊறவைத்து, மதுசாரம் எதுவும் சேராத வேறொரு கேக்கைச் செய்தல் வேண்டும். அது பல வாரங்களுக்கு நிற்காது. பண்டிகைக்கு இரண்டொரு நாள் முன்னரே சுட வேண்டியது. ஏனைய வேலைகள் முன்னரே முடிந்திருந்தால் இதற்கு நேரம் கிடைக்கும். அவசரத்தில் இருப்பவருக்கு அயலாரை நினைக்கவும் பொழுது இராது.

குளிரும் சீனியும் உப்பும் வினாகிரியும் ஆகிய இவை யாவும் காலத்தைச் சேமித்து வைப்பதற்கான கருவிகளே. நவம்பரில் ஓய்வாகக் கழியும் ஒரு பிற்பகலை எடுத்து நத்தார் நாளுக்கெனச் சேமித்து வைக்க அவை உதவுகின்றன. அவ்வாறு சேமித்த பொழுதைக் குடும்பத் தலைவிக்கே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். வரும் நத்தாரில் மேசையைச் சுற்றி இருக்கைகளை இடும்போது, அவருக்கும் ஓர் இருக்கையை முதலிலேயே இட்டு, அவர் வந்து அமர்ந்த பின்னர் பரிமாறத் தொடங்குவார்களாக.