நீரிலிருந்து எரிபொருள்

(சரவணையில், வாலிபர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சமயம் நீரைத் திருவானைக்காவிலும் தீயைத் திருவண்ணாமலையிலும் வைத்து வழிபடுகின்றது. அந்நீரினுள்ளே ஐதரசன் என்னும் எரிபொருள் அடங்கியுள்ளதென்பதை இன்று பாடசாலை மாணவரும் அறிவர். இதனைக்கொண்டு, எல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே எனப் பெருமை பேசுதல் தகாது. நீரைப் பிரிக்கும் வழியைப் பிறர் உழைத்துத் தேடுகின்றனர். அவ்வுழைப்பில் நமக்கும் பங்குண்டா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

தைத்தேனியம் ஈரொட்சைட்டின்மீது ஒளி பட்டால் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியுமென 1972ஆம் ஆண்டில் யப்பானியரான புஜிஷிமாவும் ஹொண்டாவும் காட்டினர். புல்மோட்டைக் கடற்கரை மணலிலுள்ள ரூற்றைல் என்னும் கனியம் இப்பொருளே. ஆயின் அது ஊதாக்கடந்த கதிர்களையே பெரிதும் ஏற்கும். சூரிய சக்தியில் அக்கதிர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பங்கேயாம்.

இக்குறையை நீக்க வேற்றணுக்களைச் சிறிதளவு சேர்க்கின்றனர். எதைச் சேர்ப்பது? ஒவ்வொன்றையும் செய்துபார்க்க ஆயுளும் போதாது, பணமும் போதாது. ஆகவே முதலிற் கணித்துப் பார்க்கின்றனர். திண்மங்களில் இலத்திரன்கள் பரவியிருக்கும் வகையைக் கணிக்க வோல்ற்றர் கோன் முதலியோர் 1964, 1965இல் வழிவகுத்தனர். அதற்காக 1998இல் கோன் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 2001இல் யப்பானில் அசாகி குழுவினர், ஒட்சிசனின் இடத்திற் காபன், நைதரசன், புளோரின், பொசுபரசு, கந்தகம் ஆகியவற்றை வைத்துக் கணித்து, நைதரசனே ஏற்றதெனக் கண்டனர். பின்னர் செய்த பொருள், கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலேயே சாயத்தைச் சிதைத்தது. நீரைப் பிரித்தல் அதனினும் கடினமான வேலை.

அவ்வேலை நிகழுமிடம் மேற்பரப்பு. குறிகட்டுவான் துறையில் வள்ளத்தைக் கட்டாவிடின் ஆட்கள் இறங்கமுடியாது. கட்டியதை அவிழ்க்காவிடின் அடுத்த வள்ளம் அணையமுடியாது. அவ்வாறே மேற்பரப்பும் அணுக்களை அளவாகப் பற்றி அளவாக விடவேண்டும். அந்தப் பற்றின் வலிமையையும் கணனி கணித்துத் தருகின்றது.

தீவகத்தார் இன்னொரு கணக்கையும் மறத்தலாகாது. ஒரு கிலோ ஐதரசனைப் பெற ஒன்பது லீற்றர் நீர் செலவாகும். பகல் வெயிலை இரவுக்குச் சேமித்துவைக்க ஐதரசன் உதவுமென்பது மெய்யே. ஆயினும் நன்னீர்க் கிணற்றைக் காத்துக் குடம் சுமக்கும் ஊரிற் குடிநீரை அதற்குக் கொடுத்தல் அறமன்று. கடல்நீரை அப்படியே மின்னாற் பகுத்தாற் குளோரீனும் தோன்றக்கூடும். உப்புநீரிற் பழுதின்றி உழைக்கும் மேற்பரப்பைத் தேடுவது நமக்கென்றே அமைந்த ஆராய்ச்சி எனலாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நோர்வேயின் பேர்கன் நகரப் பல்கலைக்கழகமொன்றுடன் சேர்ந்து தூய சக்திக்கான பொருள்களை ஆராய்ந்து வருகின்றது. கணிப்புக்குரிய செய்நிரல்கள் சில இலவசமாகவே கிடைக்கின்றன. பெரிய கணிப்புகளுக்குப் பெருங் கணனிகள் வேண்டுமாயினும், சிறியவற்றைப் பழகச் சாதாரண கணனியொன்றே போதும். கணிப்பு சோதனைக்கு மாற்றாகாது; எதைச் சோதிப்பதென அது வழிகாட்டும்.

வாலிபர்களே, கணிதத்தையும் பௌதிகத்தையும் பரீட்சையோடு கைவிடாதீர்கள். பெரியோர்களே, நம் வாசிகசாலையில் ஒரு கணனிக்கும் ஒரு மாலை வகுப்புக்கும் இடம் தாருங்கள். நாம் வேண்டுவது அவ்வளவே.